மீதி வாக்கியம்

சளக். அதன்பின் ஓர் இழுப்பு, சர்ர்ரென்று, ஈரமான எதையோ சுவரோடு சேர்த்து வழித்துவிடுவதுபோல. அப்புறம் ஒன்றுமில்லை. மார்பில் வாய் வைத்திருந்த குழந்தை ஒரு கணம் உறிஞ்சுவதை நிறுத்தியது. அமலிக்கும் கேட்டிருக்கிறது, எட்டு மாசத்துப் பிள்ளைக்கே கேட்டதென்றால் இது பிரமை இல்லை என்று செலினுக்குத் தோன்றியது, தோன்றிய கையோடு பிரமையாகவே இருந்திருக்கக் கூடாதா என்றும் இருந்தது. இருட்டி வெகுநேரம் ஆகிவிடவில்லை. எதிரே பல்கலைக்கழகத்தின் பின்வாசல், அதையொட்டி டீக்கடை, இந்நேரத்துக்கு அங்கே ரேடியோ அலறும், இன்று ஏன் அலறவில்லை. மின்விசிறி மட்டும் தலைக்குமேல் கொடகொடத்தது. விளக்கை அவள்தான் அணைத்திருந்தாள். எரிந்தால் ஆள் இருப்பது தெரியும், அணைந்திருந்தால் ஆள் பயந்திருப்பது தெரியும், இதில் எது தேவலை என்று சாயங்காலம் முழுக்க மாற்றி மாற்றி யோசித்துவிட்டுக் கடைசியில் பூச்சி வருகிறது என்று தனக்கே ஒரு சாக்குச் சொல்லி அணைத்தாள், பீரோவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சளக். மறுபடியும். எருமை சகதியில் கால்வைத்தால் இப்படிக் கேட்கும். ஈரத்துணியைக் கல்லில் போட்டால் கேட்கும், விளக்கு வைத்தபிறகு யார் துணி துவைப்பார்கள்? வாளித் தண்ணீரை நாய் நக்கினால். நாய். அந்தச் சொல் வந்ததும் பால் நின்றுவிட்டதோ என்னமோ, பிள்ளை முனகியது. மூன்று நாளாக இதே பாடுதான், எந்தத் தெரு வழியாக யோசனை போனாலும் முக்கில் அந்தச் சொல் படுத்துக் கிடக்கிறது, அதைத் தாண்டிப் போகமுடியவில்லை.

ஒரு பட்டிமன்றம், அவ்வளவுதானே. கொடியையா எரித்தாள், யார் வீட்டுக் கூரையில் கல்லையா எறிந்தாள்? நிறுவனர் நாளில் வருஷா வருஷம் நடப்பது. பல்கலைக்கழகத்துக்கு இடமும் பணமும் கொடுத்த கொடைவள்ளல் வீரபாகு ஐயாவின் மார்பளவுச் சிலைக்குக் காலையில் எல்லோரும் வரிசையில் நின்று மாலை போடுவார்கள். முதலில் குடும்பத்தார், அடுத்து ஐயா பேரவைக்காரர்கள், அடுத்து துணைவேந்தர், பேராசிரியர்கள், எல்லோரும் போட்டு முடித்து வெயில் உச்சிக்கு ஏறியபின் விடுதிப் பிள்ளைகள். மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் பட்டிமன்றம். மாணவரை உயர்த்துவது நன்றியுணர்வா, கேள்வியுணர்வா? தலைப்பு அவள் வைத்ததில்லை, மாணவர் நல டீன் தில்லைநாயகம் சார் வைத்தது. "நன்றிதான் ஜெயிக்கும் மேடம், நடுவர் நான்லா?" என்று முன்கூட்டியே தீர்ப்பையும் சொல்லிவிட்டார். அவள் ஆங்கிலத் துறையில் கௌரவ விரிவுரையாளர், கௌரவம் பெயரோடு சரி, வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்க வேண்டிய வேலை. ஆனால் கான்வென்ட் குரல். மைக்கில் கணீரென்று நிற்கும், அதனால் மேடைப் பொறுப்பு எதுவானாலும் அவள் தலையில். யார் எந்தக் கட்சி என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள், பட்டிமன்றத்தில் அதுதானே வழக்கம், உன் மனசில் என்ன இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை, கைக்கு வந்த கட்சியைப் பேசவேண்டும், நாளைக்கு வேறு ஊரில் எதிர்க்கட்சியைப் பேசினாலும் அதே கைதட்டல். கேள்விக்கட்சிச் சீட்டை எடுத்தவள் ஜெயக்கொடி, வரலாறு இரண்டாமாண்டு, விடுதிப் பெண், கண்ணைத் தவிர மற்றெல்லாம் ஒட்டிப்போன உடம்பு. அன்றைக்கென்று பார்த்து அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. "மேடம், நான் காதுல சொல்லுதேன், நீங்க மைக்ல சொல்லிருங்க," என்றாள், அதையும் காற்றாகவே சொன்னாள். ஆள் வராவிட்டால், குரல் போய்விட்டால், பொறுப்பாசிரியை வாய்கொடுப்பது கான்வென்ட்டில் சகஜம். சிஸ்டர் கபிரியேலா அப்படித்தான் பழக்கியிருந்தார்கள், அவர்கள் ஒரு வரி, பிள்ளைகள் ஒரு வரி, "வயித்திலேர்ந்து பேசு செலின், தொண்டையிலேர்ந்து பேசுறது காக்கா." செலின் யோசிக்கவே இல்லை. இடதுகாதில் விக்ஸ் வாசனையோடு சூடான மூச்சு விழ விழ, இவள் வாய் அதை அரங்கத்துக்கு எடுத்துப் போட்டது. இந்த நிலம் ஐயா தந்தது என்கிறோம், இது சேறாக இருந்தபோது மிதித்தவர்கள் பேர் எந்தக் கல்லில் இருக்கிறது? கைதட்டல். மாலை போட வரிசையில் நிற்கிறோம், அந்த வரிசையின் கடைசியில் யார் நிற்பது என்று கேட்டால் நன்றி கெட்டத்தனமா? விடுதிப் பிள்ளைகள் விசிலடித்தார்கள். நன்றியில் நாயை யாராலும் ஜெயிக்க முடியாது, அதற்காக நாய்க்குப் பட்டமா கொடுக்கிறோம்? அரங்கமே குலுங்கியது. தில்லைநாயகம் சார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். முன்வரிசையில் ஐயாவின் பேரனும் சிரித்தார், பக்கத்து ஆளின் தொடையில் தட்டிக்கூடச் சிரித்தார். அங்கே யார் மனமும் புண்படவில்லை. புண்படுவதற்கு ஓர் இரவு தேவைப்பட்டிருக்கிறது.

விடிந்தபோது அவள் எல்லார் கையிலும் போனில் ஓடிக்கொண்டிருந்தாள். மாலை போட வரிசையில் நிற்கிறோம், அதோடு ஒட்டுப்போட்டு, நன்றியில் நாயை யாராலும் ஜெயிக்க முடியாது. நடுவில் இருந்ததைக் காணோம், பின்னால் வந்த பட்டத்தைக் காணோம், காதருகே குனிந்திருந்த ஜெயக்கொடியைக் காணோம், செலின் முகமும் கழுத்துச் சிலுவையும் மட்டும். ஐயாவுக்கு மாலை போட்டவர்களை நாய் என்ற வேதக்காரப் பேராசிரியை. இத்தனை வருஷமாகக் கிடைக்காத பேராசிரியைப் பதவி ஒரே ராத்திரியில் கிடைத்துவிட்டது என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது, அப்போது வந்தது, இப்போது நினைத்தால் வரவில்லை. பேரவைக்காரர்கள் நிர்வாகக் கட்டிடத்து முன்னால் உட்கார்ந்தார்கள். நேற்று இன்னொரு கூட்டம் இதே வீட்டு வாசலுக்கு வந்தது, முற்போக்கு மாணவர் மன்றம், தலைவன் யாழினியன், தாடியும் தோள்பையுமாக, "பேச்சுரிமைக்காக உங்க பின்னாடி நிக்கோம் மேடம். ஒண்ணே ஒண்ணு. ஸ்காலர்ஷிப்ல படிக்கிற பிள்ளைகளை நாயோட ஒப்பிட்டதா ஒரு வாசிப்பு இருக்கு. அதுக்கு மட்டும் நீங்க வருத்தம் தெரிவிச்சுட்டா நாங்க முழுசா நிப்போம்." பின்னாடி நிற்கிறார்களாம். பின்னால் இவர்கள், முன்னால் அவர்கள், நடுவில் இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி. "உள்ள வாங்க, காபி போடட்டுமா?" என்று கேட்டாளே, எதற்குக் கேட்டாள், பயந்தால் உபசரிக்கிற புத்தி எங்கிருந்து வந்தது. சளக், சர்ர்ர். இப்போது கொஞ்சம் கிட்டத்தில். அமலி உறிஞ்சு உறிஞ்சு தூங்கிப் போயிருந்தாள், வாயோரம் ஒரு பால்துளி. இந்த வாய்க்கு என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறேன், பேசாதே என்றா?

இன்று மத்தியானம் டீன் போனில் பேசினார். குரலில் அப்படியொரு கனிவு. "கைக்குழந்தைக்காரி நீங்க. உங்களை நெனச்சாத்தான் எனக்குக் கஷ்டமா இருக்கு. நாளைக் காலையில விசாரணைக் குழு உக்காருது. அதுக்கு முன்னாடி, இன்னைக்கு ராத்திரியே ஒரு சின்ன வீடியோ அனுப்பிருங்க. அது என் வார்த்தை இல்லை, மாணவி காதுல சொன்னதை அப்படியே சொன்னேன், எனக்கு அதுல உடன்பாடு இல்லைன்னு. முடிஞ்சு போச்சு. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்." "ஜெயக்கொடிக்கு என்ன சார் ஆகும்?" "அது சின்னப் பிள்ளைம்மா. டிசியைக் குடுத்து அனுப்பினா வேற எங்கயாவது சேந்துக்கிடும். உங்களுக்கு இது போனா வேற இருக்கா?" இல்லை. வேற இல்லை. ஜெயக்கொடிக்கும் வேற இல்லை என்பது அவருக்குத் தெரியும், அந்தப் பெண் வீட்டில் முதல்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவள், திருப்பி அனுப்பினால் அடுத்த முகூர்த்தத்திலேயே யாருக்காவது கட்டிவைப்பார்கள். தெரிந்துதான் சின்னப் பிள்ளை என்கிறார். நீங்களும்தானே சார் சிரிச்சீங்க என்று கேட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது, "சரிங்க சார்" என்று வெளியே போனது. புருஷன் பிரிட்டோவிடம் போனில் சொன்னாள், அவன் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை, சனிக்கிழமைதான் வருவான், பின்னால் கிரேன் ஓடுகிற இரைச்சலில் கத்திக் கத்திப் பேசினான். "இதுல என்ன யோசனை உனக்கு? நீ என்ன பொய்யா சொல்லப்போற? அந்தப் பிள்ளைதான சொல்லிச்சு?" "ஆமா." "பெறகென்ன? போட்டு விடு. அமலிக்குச் சளி எப்படி இருக்கு?" பெறகென்ன. ஆமா என்பதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விட்டாளே, அது ஏன்? அவனுக்குக் கேட்டிருக்காது, இரைச்சல். இவளுக்குக் கேட்டது. செருப்புக்குள் போன மணல் மாதிரி அப்போதிருந்து உறுத்துகிறது. ஆமா என்று உடனே ஏன் வரவில்லை? அந்தப் பெண்தான் சொன்னாள். வரிக்கு வரி அவள் சொன்னதுதான். நிலம், சேறு, கல். வரிசை, கடைசி. நன்றியில்.

செபம் சொல்லிப் பார்க்கலாம் என்று செபமாலையை எடுத்தாள், விரல்கள் மணியைத் தாமே கண்டுபிடித்துக்கொண்டன. வீட்டில் அப்பா முதல்பாதியைச் சொல்வார், மீதியை எல்லோருமாகச் சேர்ந்து முடிப்பார்கள், பாதி அங்கே, பாதி இங்கே, ஐம்பது மணியும் அப்படியே உருளும். சின்ன வயசில் அவள் தூங்கித் தூங்கி விழுவாள், ஆனால் அப்பா பாதியில் நிறுத்தினதும் வாய் மட்டும் மீதியைச் சொல்லிவிடும். தூங்கிக்கொண்டே சொல்லும். "வாய்க்குப் பக்தி உண்டு, ஆளுக்குத்தான் இல்ல," என்று அம்மா மண்டையில் குட்டுவாள். இப்போது முதல்பாதியைத் தானே முணுமுணுத்தாள், நிறுத்தினாள். மீதி தன்னால் வந்தது. வேண்டுமென்றே உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள், அப்போதும் உள்ளே நாக்கு புரண்டது. பாதியில் ஒருவர் நிறுத்தினால் முடித்துவைக்காமல் இருக்கத் தெரியாத வாய். அரங்கத்திலும் ஓர் இடத்தில். இல்லை. அரங்கத்தில் அப்படி எதுவும் இல்லை. விக்ஸ் வாசனை, மூச்சு, நன்றி கெட்டத்தனமா, விசில், விசில் அடங்கியது, காதில் மறுபடி மூச்சு, நன்றியில். நன்றியில். அப்புறம் என்ன? அப்புறம் சூடாகத் தோளில் என்னவோ தெறித்தது. சளி. இருமல். ஜெயக்கொடி இவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு

"லேய், மூக்கு மடங்கிட்டு பாரு. நீவி விடு, நீவி விடு."

தெருவில் ஆம்பிளைக் குரல். குழந்தையை அணைத்தபடி தரையில் நகர்ந்து நகர்ந்து ஜன்னலடிக்குப் போய்த் திரையை விரலளவு விலக்கினாள். எதிரே பல்கலைக்கழக மதில் நெடுக அவள் முகம். ஒன்று, அடுத்தாற்போல் இன்னொன்று, ஒன்றில் நெற்றி வழிந்தபடி, இன்னொன்றில் கன்னத்தில் குமிழ் விட்டு, எல்லாம் பசையில் நனைந்து மினுமினுத்தன. கீழே சிவப்பில் வன்மையாகக் கண்டிக்கிறோம், ஐயா பேரவை. பசைவாளியில் துடைப்பத்தை முக்கி ஒருத்தன் சுவரில் அறைந்தான், சளக், இழுத்தான், சர்ர்ர். சத்தத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது. தெரிந்தால் பயம் போகும் என்பார்கள். "இவ்வளவு பசை எதுக்குல? மாவு தீந்தா அம்மாகிட்டத் திட்டு வாங்கவா?" "மேடத்துக்கு நாளைக்குக் கன்னம் வீங்கிரும் பாரு." சிரித்தார்கள். மே ஐ கம் இன் மேடம் என்று தினமும் பிந்தி வந்து நிற்கிற குரல் அதில் ஒன்று, இசக்கிராஜா, அவளுடைய முதலாமாண்டு வகுப்பு, போன வாரம்தான் அவன் கட்டுரையில் நன்று என்று எழுதிக்கொடுத்தாள். அவனும் புண்பட்டிருக்கிறான். அவன் அன்றைக்கு அரங்கத்தில் இருந்தானா? இருந்தான், தூணுக்குப் பக்கத்தில், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவன் மேல் கோபம் வரவேண்டும், வரவில்லை, மூக்கை ஒழுங்காக நீவிவிடுகிறானா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள், என்ன பிறவி இது. வாளி அடுத்த முக்குக்கு நகர்ந்தது. அவள் முகங்கள் மட்டும் மதிலில் காய்ந்துகொண்டு நின்று இவள் வீட்டையே பார்த்தன.

போட்டுவிடலாம். இப்போதே போட்டுவிடலாம், ஒரு நிமிஷ வேலை. போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள், இருட்டில் கண்ணாடிக்குள் யாரோ மாதிரி தெரிந்தாள். அது என் வார்த்தை இல்லை. சரியாகத்தான் வந்தது, வயிற்றிலிருந்து வந்தது, சிஸ்டர் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். அது என் வார்த்தை இல்லை, மாணவி காதில். காதில் என்ன இருந்தது? இருமல் இருந்தது. நன்றியில் என்று பாதியோடு அவள் நின்றுவிட்டாள், அரங்கம் காத்துக்கொண்டிருந்தது, அத்தனை முகமும் இவள் வாயையே பார்த்தன, அந்த அமைதியை நிரப்பாமல் இருக்க முடியவில்லை, நாய் எங்கிருந்தோ வந்தது. எங்கிருந்தோ என்ன எங்கிருந்தோ. வருஷா வருஷம் வேலையைப் புதுப்பிக்கப் போகும்போது அலுவலகத்தில் அந்தக் கண்காணிப்பாளர் காகிதத்தைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே சொல்வாரே, நன்றியோட இருக்கணும்மா, எத்தனை பேர் வெளிய நிக்காங்க தெரியுமா, அப்போதெல்லாம் வாலாட்டினாளே, ஆமாங்க சார், ஆமாங்க சார், அங்கே பிறந்து வளர்ந்த நாய் அது. அரங்கம் சிரித்தது. சிரிப்பு அலையாக வந்து மார்பில் மோதியது, மோதிய நேரம் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது, வீட்டில் பிள்ளை பசித்து அழுதால் சுரக்குமே அதுபோல, தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு நின்றாள். நிலத்துக்குச் சுரக்கவில்லை, வரிசைக்குச் சுரக்கவில்லை. உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று நாளாக மூளை அந்தப் பெண் மேல் சுமத்திக்கொண்டே வந்ததை உடம்பு அப்போதே தன்னுடையது என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு வரி. அதற்குப்போய் இவ்வளவு விலையா என்று அழுகை வந்தது. ஆனால் யாருக்குத் தெரியும்? மைக்கில் ஒரே குரல்தான் கேட்டது. காதுக்குள் நடந்தது இரண்டு பேருக்குத்தான் தெரியும், அதில் ஒருத்திக்குக் குரல் இல்லை, குரல் இருந்தாலும் நம்புவதற்கு ஆள் இல்லை. இவ்வளவு சுலபமாக இருக்கக் கூடாது ஒரு பாவம். மடியில் பிள்ளை கனத்தது. வேலை போனால் வாடகை, பால்மாவு, ஊசி. இதுவாவது பரவாயில்லை, மதிலில் ஒட்டுகிறவன் நாளை கதவில் ஒட்டுவான், மறுநாள் கல்லை எடுப்பான். இருபது வயசுப் பெண்ணுக்கு இதெல்லாம் இல்லை, அவள் ஓடிவிடலாம். ஓடி எங்கே போவாள்? மறுபடி போனைத் தூக்கினாள். அது என்

கதவை யாரோ விரல்நுனியால் தட்டினார்கள்.

மூச்சை அடக்கிக்கொண்டாள். தட்டினவர்கள் மறுபடி தட்டினார்கள், கதவு இடுக்கில் காற்று பேசியது. "மேடம். நான்தான்." அந்தக் காற்றை அவள் காது அறியும். அமலியைத் தோளில் போட்டுக்கொண்டு கொக்கியை நீக்கினாள். ஜெயக்கொடி செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள், தலையில் துப்பட்டா, முழங்கையில் சுவரேறிய சிராய்ப்பு. உள்ளே வரவில்லை. படியிலேயே நின்றுகொண்டு வேகவேகமாகக் கிசுகிசுத்தாள், "வார்டன் கேட்டாங்க மேடம், எழுதிக் குடுன்னு. நான் குடுத்துருதேன். நாயையும் நான்தான் சொன்னேன்னே எழுதிருதேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காமக் குடுக்கக் கூடாதுன்னுதான் வந்தேன்." "நீ சொன்னியா?" என்றாள் செலின். கேட்டிருக்க வேண்டாம், சரி என்று மட்டும் சொல்லியிருக்கலாம், கதவைச் சாத்தியிருக்கலாம். ஜெயக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு இருமல் வந்துட்டு மேடம். நான் வேற வச்சிருந்தேன். நன்றியில தப்பில்ல, யாருக்குன்னு கேக்குததுலயும் தப்பில்லன்னு. சப்புன்னுதான் இருந்திருக்கும்." பிறகு, அந்த இக்கட்டிலும், பெரிய கண்ணில் ஒரு மினுக்கு. "உங்களுதுதான் நல்லா இருந்துச்சு. இருமிக்கிட்டே நானும் சிரிச்சேன்." செலின் பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். "பெறகு ஏன் நீ எழுதிக் குடுக்கணும்?" "பாப்பா இருக்குல்லா உங்களுக்கு," என்றாள், டீன் சொன்ன அதே காரணம், அதே சொல், ஆனால் இவள் சொன்னபோது அது காதில் அறைந்தது. "நான் வாரேன் மேடம். பாத்துட்டா வம்பு."

தெருமுக்கில் வாளி கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "ஏல, அங்க யாரு? விடுதிப் பிள்ள மாதிரி இருக்கு." டார்ச் வெளிச்சம் மதிலில் ஓடி, நனைந்த முகங்கள் மேல் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, தெருவைத் தாண்டி இவர்கள் படிக்கு வந்தது. ஜெயக்கொடி இருட்டில் பாய ஒரு காலை எடுத்துவிட்டாள். செலின் யோசிக்கவில்லை, யோசித்தால் மறுபடி சுற்ற ஆரம்பித்துவிடும், ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அந்த மெலிந்த மணிக்கட்டைப் பற்றி உள்ளே இழுத்தாள். கதவை முதுகால் சாத்தினாள். "நீ ஒண்ணும் எழுதக் கூடாது, கேட்டியா? அது என்னோடது. காலையில குழுவில நான் சொல்லுதேன், அது என் வாய்ல வந்தது, என் மனசுல இருந்து வந்ததுன்னு." "வேல போயிரும் மேடம்." "போவும்." சொன்ன சொல்லின் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள், கணீரென்று இல்லை, கரகரவென்று, காக்கா மாதிரி இருந்தது. வெளியே ஓடிவருகிற காலடிகள். கொக்கி இந்தக் கதவைத் தாங்காது. மேலே ஒரு பெரிய தாழ்ப்பாள் உண்டு, வீட்டுக்காரர் வெள்ளையடித்தபோது அதோடு சேர்த்துப் பெயிண்ட் பூசி இறுக்கிவிட்டார், குடிவந்த நாளிலிருந்து அதை யாரும் போட்டதில்லை. செலின் எட்டித் தள்ளினாள், அசையவில்லை. ஜெயக்கொடி செருப்பைக் கீழே போட்டுவிட்டு வந்து அவள் கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்தாள். "ஒண்ணா தள்ளுவோம் மேடம்." அமலி விழித்துக்கொண்டு வீறிட்டாள். படியில் கால்கள் ஏறின, யாரோ "மேடம்" என்று கூப்பிட்டான், வகுப்புவாசலில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டான். பெயிண்ட் வெடித்து நெற்றியில் உதிர்ந்தது. இரும்பு ஒரு முறை கிறீச்சிட்டு, சட்டத்துக் குழிக்குள் முழுசாகப் போய் விழுந்தது.